நாலு வால்வும் ஒரு மாவிலைத் துளியும்

ஆயுத பூஜை அன்று காலை பத்து மணி. செங்கல்பட்டில் எல்லாரும் கடையைக் கழுவிக் கோலம் போட்டுத் திறந்து வைத்திருக்கிற நேரம். நான் எங்கள் சவுண்ட் சர்வீஸ் கடையின் ஷட்டரை உள்ளேயிருந்து சர்ரென்று இழுத்து மூடினேன்.

"ஏம்மே! இன்னா பண்ணிகினு கீற? பாக்குறவன் கடைய காலி பண்ணிட்டாங்கன்னு நெனைக்கப் போறான்!" என்று என் வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். வாழைக்கன்று கட்டப் போன மனுஷனை வெளியே விட்டுப் பூட்டியிருந்தேன்.

"வால்வு செவக்குதான்னு பாக்கணும்யா! வெளிச்சத்துல தெரியாது. கொஞ்சம் அங்கியே நில்லு!"

"இன்னாது?"

நாற்பது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தூங்கி, வெற்றிலை போட்ட காது அது. பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

உள்ளே கும்மிருட்டு. ஒரு கறுப்பு ஆம்ப்ளிப் பெட்டியின் முதுகுப் பக்கம், பழைய ரேடியோக்களில் பல்பு மாதிரி இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகள் நாலு வரிசையாக எரிந்தன. செங்கல் சூளையின் வாயில் ராத்திரி ஒரு நிறம் தெரியுமே, அது. பெட்டிக்குக் கீழே என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. எதிரே என் மருமகள் மாலினி, நைட்டிமேல் கிடாரை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அடிம்மா" என்றேன்.

அடித்தாள்.

ஷட்டர் தகடு முழுக்க நடுங்கியது. பூஜைக்கு வைத்திருந்த பூசணிக்காய் தானாக உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. என் தாலிக்கொடி நெஞ்சின்மேல் துள்ளியது. தெருவிலிருந்து "இடியா இடிக்குது?" என்று ஒரு குரல். என் வீட்டுக்காரர்தான். அவர் காதுக்கே எட்டிவிட்டது!

"எப்படி அத்தை?" என்றாள் மாலினி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"இன்னொரு தபா அடி. எனக்கு இன்னும் ஆசை தீரல."

மருமகளின் சிக்கல்

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. மாலினியின் மகள். தன் அம்மாவை நைட்டியோடு எழுத வேண்டியிருக்கிறதே என்று இப்போது சிரிக்கிறாள். எழுதுடி, நடந்ததுதானே.

மாலினி கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் அப்பா அங்கே ஆராய்ச்சி வேலையில் இருந்தவர். சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலத்தில் அவளும் என் மகனும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தார்கள், ஒரே ஷட்டில் பஸ்ஸில் போனார்கள், பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கல்யாணமாகி ஒரு வருஷத்திலேயே கம்பெனி என் மகனை ஆறு மாசத்துக்கு வெளிநாடு அனுப்பிவிட்டது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

மருமகள் வந்தால் சமையலறை யாருக்கு என்று சண்டை வரும் என்பார்கள். எங்களுக்குள் அது வரவே இல்லை, ஏனென்றால் இரண்டு பேருக்குமே சமையலில் அக்கறை கிடையாது. அவளுக்குக் கிடார். எனக்கு மைக்செட்.

அவள் வாசித்தது மெட்டல், இங்கிலீஷ் ராக் பாட்டிலேயே ரொம்பக் கத்துகிற வகையாம். ஆபீஸ் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்த குழு. அதற்குத் தலைவன் சதீஷ், பாடுகிறவன். அவன் பாடினால் யாரோ அவன் காலை மிதித்துக்கொண்டே நிற்பது போல இருக்கும். ஆனால் நல்ல பையன், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான்.

சிக்கல் என்னவென்றால், அந்த வருஷம் ஒரு காலேஜ் விழாவில், பாட்டின் நடுவே மாலினியின் ஆம்ப்ளி அவிந்துபோனது. இரவல் ஆம்ப்ளி. மேடையில் கிடாரோடு பொம்மை மாதிரி நின்றிருக்கிறாள். கூட்டம் ஊளையிட்டிருக்கிறது. அதற்கு முந்தின விழாவிலும் அதே கதை.

சதீஷ் சொல்லிவிட்டான். "மாலினி, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கிறோம். ராகுல் ரெடியா இருக்கான், சொந்த ஆம்ப்போட."

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்த பெண். வேலைக்குப் போய், பஸ்ஸில் கசங்கி வந்து, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் சாதகம் செய்கிறவள். பெட்டி செத்ததற்கு அவளை விலக்குவதா?

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரத்தில் சிற்ப வேலை பழக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லி, தன் வால்வு ஆம்ப்ளியை இவளிடம் கொடுத்தார். ஒரு வாரம் வைத்துப் பார், பிடித்தால் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடு. அந்த ஏழாவது நாள்தான் ஆயுத பூஜை. அன்று சாயங்காலமே மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் இவர்கள் நிகழ்ச்சி. பெட்டி நின்றால் மாலினி நிற்பாள். பெட்டி படுத்தால் ராகுல் வருவான்.

படாளத்தில் படித்தது

எனக்கு எழுத்து தெரியாது. வால்வு தெரியும்.

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் மைக்செட் முழுக்க வால்வு ஆம்ப்ளிதான். மாமியார் வீட்டில் எனக்குக் கொடுத்த முதல் வேலை டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவது. கைப்பிடி வைத்த சின்ன மெஷின். ஒரு சுற்று தப்பினாலும் குழாயில் குரல் கெடும். எண்ணிக்கொண்டே சுற்றுவேன். இடையில் யாராவது "ஏம்மா, சாம்பாருக்கு உப்பு போட்டியா?" என்று கேட்டால் தொலைந்தது, பிரித்து மறுபடி முதலிலிருந்து.

பிறகு வண்டியோடு நானும் போக ஆரம்பித்தேன். படாளத்தில் ஆடி வந்தால் கூழ் ஊற்றுவார்கள், அச்சரப்பாக்கத்தில் தேர், எங்கேயாவது காதுகுத்து. ஒரு தடவை படாளத்தில், கரகம் ஊருக்குள் நுழைகிற நேரம் பார்த்து ஆம்ப்ளி கொர்ரென்றது. இவர் பந்தல் உச்சியில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். நான் பெட்டியிடம் போய் மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாசனை வந்தது. நான் சுற்றிய டிரான்ஸ்பார்மர்தான், எனக்கு வாசனை தெரியாதா? உடனே அணைத்தேன். ஊரே என்னைத் திட்டியது. ஆனால் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது. பத்து நிமிஷம் விசிறி வீசி, மறுபடி போட்டு, கரகம் கோயிலை அடைவதற்குள் பாட்டு வந்துவிட்டது. திட்டிய கிழவியே எனக்குக் கூழ் ஊற்றினாள், மிளகாயோடு.

எங்கே விட்டேன்? ஆம்... என் ஆயுசு முழுக்க நான் பாடுபட்டது கரகரப்பு வராமல் பார்க்கத்தான். கரகர என்றால் ஊர்க்காரன் கல்லை எடுப்பான். இந்தப் பெண்ணோ அந்தக் கரகரப்புக்காகவே வால்வு தேடுகிறாள்! முதல் நாள் அவள் அந்தப் பெட்டியைப் போட்டு வாசித்ததும், "ஐயோ, அணைம்மா, ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சு!" என்று நான் பிளக்கைப் பிடுங்கப் போய்விட்டேன்.

"கிழியல அத்தை. அதான் சத்தமே."

"இதுவா?"

"உக்காந்து கேளுங்க. அஞ்சு நிமிஷம்."

உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஈர விறகு எரிந்தாலும் சத்தம், சூடான மணலில் நெல் பொரிந்தாலும் சத்தம். ஈர விறகு உஸ்ஸென்று ஒரே புகை. பொரியில் ஆயிரம் வெடிப்பு இருந்தாலும் ஒவ்வொரு மணியும் தனியாகக் கேட்கும். இந்தப் பெட்டியின் கரகரப்பு பொரிகிற கரகரப்பு. ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தாலும் எந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

அன்று ராத்திரி என் மகன் போன் செய்தபோது, "உன் பொண்டாட்டி நல்லாத்தான்டா கீறா. பொட்டி அதுக்கு மேல கீது" என்றேன்.

தட்டி, மோந்து, தொட்டு

ஒரு வாரம் அந்தப் பெட்டியைப் பெண் பார்க்கிற மாதிரிப் பார்த்தோம்.

முதலில் அணைத்தபடியே மோந்து பார்த்தேன். தூசி வாசனை மட்டும்தான், கருகல் இல்லை. பிறகு போட்டு, வேப்பங்குச்சியால் ஒவ்வொரு வால்வையும் மெதுவாகத் தட்டினேன். ஸ்பீக்கரில் டொக்கென்று கேட்டால் பரவாயில்லை. ணங்கென்று கோயில் மணி மாதிரி நீண்டால் அந்த வால்வு உள்ளே தளர்ந்துவிட்டது, சத்தம் கூடினால் கத்தும். பெரிய வால்வு நாலும் தேறின, அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வால்வுகளில் ஒன்று ணங்கென்றது. அதை எடுத்து, அவ்வளவு முக்கியமில்லாத இடத்தில் இருந்ததோடு மாற்றிப் போட்டோம். கத்தல் நின்றது.

"அத்தை! நெட்டுல ஒரு வாரமா தேடிட்டிருந்தேன் இதுக்கு!" என்று மாலினி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பிறகு தடித்த கம்பி. அதை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு ஜுக்கு ஜுக்கு என்று வெட்டுவது மெட்டலில் முக்கியமாம். அங்கேதான் பெட்டியின் குணம் தெரியும். பறையைக் காய்ச்சி அடித்தால் கோல் நின்ற இடத்தில் சத்தமும் நிற்கும். காய்ச்சாமல் அடித்தால் தொம்மென்று பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். மாலினியின் கை நிற்கிற இடத்தில் பெட்டியும் நிற்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நின்றது, கத்தி வைத்த மாதிரி. அடிச்சத்தத்துக்கான பேஸ் குமிழை ரொம்பத் திருகினால் மட்டும் இழுத்தது.

எனக்குக் குமிழ்களில் எழுதியிருப்பது தெரியாதே? ஒவ்வொரு குமிழுக்கும் எது சரியான இடமோ அங்கே என் பொட்டு அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். பெட்டி முகமெல்லாம் பொட்டு.

"மெட்டல் ஆம்ப்புக்கு மெரூன் பொட்டா? சதீஷ் பாத்தா மயங்கி விழுந்துடுவான்" என்றாள்.

கடைசிச் சோதனைதான் பூஜை அன்று காலை. இரண்டு மணி நேரம் விடாமல் வாசிக்க வைத்து, இருட்டில் வால்வுக்குள் எரிகிற இழையோடு அதைச் சுற்றிய உள்தகடும் சிவக்கிறதா (சிவந்தால் வால்வுக்கு ஆயுசு இல்லை) என்று பார்ப்பது, டிரான்ஸ்பார்மர் மூடியின்மேல் கையை வைத்துப் பத்து எண்ண முடிகிறதா என்று பார்ப்பது. நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். தொட வேண்டிய இடத்துக்கு அரை சாண் தள்ளித் தொட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

தகடு சிவக்கவில்லை. பத்துக்குப் பதில் பதினைந்து எண்ணினேன்.

"நிக்கும்மா! இது நிக்கும்! வாங்கிடு!" என்று ஷட்டரைத் தூக்கினேன். வெளியே என் வீட்டுக்காரரோடு பக்கத்துக் கடைக்காரர்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

டிக்

"நல்ல நேரம் முடியப் போவுது, சீக்கிரம் வாங்க!" என்று இவர் அவசரப்படுத்தினார். ஆம்ப்ளியை அப்போதுதான் அணைத்தோம். கற்பூரம் காட்டியாகிவிட்டது. பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. கடைசியாக மஞ்சள் தண்ணீர்ச் செம்பையும் மாவிலைக் கொத்தையும் எடுத்து, வழக்கம் போல எல்லாவற்றின்மேலும் நான்தான் தெளித்தேன். குழாய்மேல், வண்டிமேல், ஏணிமேல், கம்பி சுற்றும் மெஷின்மேல். சந்தோஷத்தில் கை கொஞ்சம் தாராளமாகவே வீசியது. அந்தக் கறுப்புப் பெட்டிமேலும் ஒரு வீச்சு.

டிக்.

சின்னச் சத்தம். சுண்டு விரல் நகத்தால் கண்ணாடி வளையலைச் சுண்டின மாதிரி. எனக்கு மட்டும்தான் கேட்டது.

சூடான வால்வில் தண்ணீர் படக்கூடாது. இந்த வீட்டில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அதைச் சொன்னவள் நான். எங்கள் பழைய பெட்டிகளெல்லாம் தகரம் மூடியவை. எத்தனை ஆயுத பூஜைக்குத் தெளித்திருப்பேன், ஒன்றும் ஆனதில்லை. இந்தப் பெட்டிக்கு முதுகில் கம்பி வலை என்பது கைக்கு ஞாபகம் இல்லை.

குனிந்து பார்த்தேன். நாலு வால்வும் முழுசாகத்தான் இருந்தன. மண்டையில் உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளி, நாலிலும் பளபளவென்று இருந்தது. ஆறும்போது வால்வு டிக் டிக் என்று சொல்வது வழக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலினி வாயில் பொங்கலைப் போட்டுக்கொண்டு, "அத்தை, இன்னிக்கு பாருங்க, கிழிக்கப் போறோம்!" என்று குதித்தாள். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை.

எங்கள் டெம்போவில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். பெட்டியைப் பழைய மெத்தையில் சுற்றி, நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அத்தை பேசாம வர்றீங்க? உடம்பு சரியில்லையா?"

"தூக்கம்மா."

பகலில் நான் தூங்கி யாரும் பார்த்ததில்லை. அவள் நம்பினாள்.

"போடாதே!"

ரிசார்ட்டின் புல்தரையில் மேடை. பின்னால் சவுக்கு மரங்கள், அதற்குப் பின்னால் கடல். நாலு மணி இருக்கும். மெத்தையைப் பிரித்துப் பெட்டியை ஏற்றினார்கள். மாலினி ஒயரை மாட்டி, ஸ்விட்ச்சில் விரலை வைத்தாள். நான் வலைக்குள் எட்டிப் பார்த்தேன்.

வலது ஓரத்து வால்வின் மண்டை பால் மாதிரி வெளுத்திருந்தது.

வால்வுக்குள் காற்று புகுந்தால்தான் அந்த வெள்ளி வெளுக்கும். அப்புறம் அது வால்வு இல்லை, வெறும் கண்ணாடி.

"போடாதே!" என்று கத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

மேளம் தட்டிக்கொண்டிருந்தவன் நின்றான். சதீஷ் ஓடி வந்தான். "என்னாச்சு ஆன்ட்டி?"

"ஒரு வால்வு போயிடுச்சு. நான்தான்... காலைல மாவிலைத் தண்ணி தெளிச்சேன். சூடா இருந்துச்சு. பட்டுடுச்சு."

மாலினி வலைக்குள் பார்த்தாள். பிறகு என்னை. "காலைலயே தெரியுமா அத்தை?"

"டிக்னு கேட்டுச்சு."

"கேட்டும் சொல்லலையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. காலேஜ் விழா அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தாளே, அந்த முகம் திரும்ப வந்துவிட்டது.

சதீஷ் தலையைப் பிடித்துக்கொண்டான். "ஆயுத பூஜை லீவு. மெட்ராஸ்ல ஒரு கடை இருக்காது. இதுக்கு ஸ்பேர்?"

"எங்க கடையில கீற வால்வுக்குக் கால் வேற, இதுல உக்காராது" என்றேன்.

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. சாரி மாலினி. ராகுலைக் கூப்பிடறேன், இப்பக் கிளம்பினா அஞ்சு மணிக்குள்ள வந்துடுவான்." செல்போனை எடுத்துவிட்டான்.

"இரு நைனா, இரு!" என்றேன். "நாலு பேர் பல்லக்கு தூக்கறான். ஒருத்தன் விழுந்துட்டான். இன்னா பண்ணுவ? பல்லக்கையே போட்டுடுவியா? எதிர்ப்பக்கத்துல ஒருத்தனையும் எறக்கிட்டு, ரெண்டு பேரா தூக்குவ. அவ்ளோதான்!"

"பாதி வால்வுலயா? மெட்டலா? ஆன்ட்டி, இது கோயில் மைக்செட் இல்ல!"

"அச்சரப்பாக்கத்துல தேர் அன்னிக்கு ரெண்டே வால்வுல ஓட்டினோம். தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் நின்னுச்சு. ஸ்பீக்கர் ஒயரைக் குறைஞ்ச சுத்துக்கு மாத்திடணும், மறந்தா டிரான்ஸ்பார்மர் வெந்துடும். அன்னிக்கு அந்த டிரான்ஸ்பார்மரை சுத்தினவ நான். சத்தம் கொஞ்சம் குறையும், அதுக்குத்தான் ஸ்பீக்கர் முன்னாடி மைக் வெச்சிருக்கியே?"

அவன் மாலினியைப் பார்த்தான். "உன் இஷ்டம். ஆனா நடுவுல அவிஞ்சு போச்சுன்னா, நான் முன்னாடியே சொன்னதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். காலையில் மறைத்தவளை நம்ப வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"அத்தை, நிக்குமா?"

"எத்தினி பாட்டு?"

"அஞ்சு."

"தெரியல." அதுதான் உண்மை, அதனால் அதையே சொன்னேன். "மீதி மூணும் சரியாத்தான் கீது. ஆனா பின்னாடி உக்காந்து டிரான்ஸ்பார்மர் மேல கை வெச்சுகினே இருப்பேன். எத்தினி எண்ண முடியுதோ அத்தினி விரல் காட்டறேன். மறைக்க மாட்டேன்."

மாலினி டார்ச்சை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு வலையின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பத்து, ஏழு, அஞ்சு

வலது ஓரத்து வால்வை எடுத்தோம், கூடவே இடது ஓரத்தையும். நடுவில் இரண்டு மட்டும் மிஞ்சின. பின்பக்கம் ஸ்பீக்கருக்கு ஒரு திருகு இருந்தது. "இப்ப எட்டுல இருக்கு அத்தை" என்று படித்தாள். "ஒரு படி கீழ எறக்கு" என்றேன். நாலில் வைத்தாள். முதல் ஸ்விட்ச். வால்வு கண் திறக்கும் வரை காத்திருந்தோம். இரண்டாவது ஸ்விட்ச்.

ம்ம்ம் என்று ஒரு வண்டு.

"வெட்டு" என்றேன். தடித்த கம்பியை ஜுக்கென்று வெட்டினாள். கை நின்ற பிறகு சத்தம் ஒரு மயிரிழை இழுத்தது. "அடிச்சத்தத்தைப் பொட்டுக்குக் கீழ எறக்கு. கரகரப்பையும் கொஞ்சம் கொற." இறக்கினாள். மறுபடி வெட்டினாள்.

நின்றது! கோல் நின்ற இடத்தில் பறை நின்ற மாதிரி! இரண்டே வால்வு நெஞ்சைத் திறந்து கத்தியதில், காலையில் இல்லாத ஒரு கனிவும் அதில் சேர்ந்திருந்தது. சதீஷ் செல்போனைப் பைக்குள் போட்டான்.

அஞ்சரைக்கு ஆரம்பித்தார்கள். முந்நூறு பிள்ளைகள் இருக்கும், எல்லாம் கறுப்புச் சட்டை. நான் மேடையில் ஆம்ப்ளிக்குப் பின்னால் முக்காலி போட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையை உள்ளே நீட்டி உட்கார்ந்தேன். முதல் அடி விழுந்ததும் முக்காலியோடு நான் ஒரு விரற்கடை நகர்ந்தேன். சத்தியமாக! பற்களுக்குள் அதிர்ந்தது. கீழே கறுப்புச் சட்டைகள் அத்தனையும் ஒன்றாகத் தலையை ஆட்டின. சாமி வந்தவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக ஆடி நான் பார்த்ததில்லை.

முதல் பாட்டு முடிந்தது. மாலினி திரும்பினாள். பத்து விரல்.

இரண்டாவது, பத்து. மூன்றாவது, ஏழு.

நாலாவது பாட்டு நீளம். பாதியில் உள்ளங்கை சுட்டது. மூடியில் வார்னிஷ் வாசனை இல்லை, சூடு மட்டும்தான். ஏழு, ஆறு... அஞ்சுக்குமேல் வைக்க முடியவில்லை. பாட்டு முடிந்ததும் அஞ்சு விரலை விரித்துக் காட்டினேன். காட்டவே மனசில்லை. ஆனாலும் காட்டினேன்.

மாலினி பதறவில்லை. நேரே வந்து வலப்பக்கத்து ஸ்விட்ச்சை அணைத்து ஆம்ப்ளியை ஓய்வில் போட்டாள். சதீஷின் தோளைத் தட்டி, "பேசு" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது பேசுடா. அஞ்சு நிமிஷம்."

கத்த மட்டுமே தெரிந்த பையன் பேசினான். மேளக்காரனை அறிமுகப்படுத்தினான், ரிசார்ட்டுக்கு நன்றி சொன்னான், கடலைப் பற்றிச் சொன்னான். சரக்கு தீர்ந்ததும், "இன்னிக்கு இந்த ஆம்ப்ளி ரெண்டே வால்வுல ஓடுது. பின்னாடி ஒருத்தங்க கை வெச்சு பாத்துட்டிருக்காங்க. மாலினியோட மாமியார்!" என்றான். முந்நூறு கறுப்புச் சட்டையும் கையைத் தூக்கிக்கொண்டு அலறியது. நான் தலைப்பால் அவசர அவசரமாக ஆம்ப்ளிக்கு விசிறிக்கொண்டிருந்தேன். கையெடுத்துக் கும்பிடக்கூட நேரமில்லை.

எட்டு வந்தது. எட்டு விரல் காட்டினேன். அவள் ஸ்விட்ச்சைப் போட்டாள்.

அஞ்சாவது பாட்டைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டு, ஏழு, ஆறு, ஆறு, ஆறு. கடைசி அடியை அடித்துவிட்டு மாலினி அதை அப்படியே தொங்க விட்டாள். அலை ஒன்று வந்து திரும்பிப் போகிற நேரத்துக்கு அந்த ஒற்றைச் சத்தம் மெலியாமல் நின்றது. பிறகு அவளே கையால் மூடினாள். பெட்டி வாயை மூடியது.

கூட்டம் கலைந்ததும் பையன்கள் ஆம்ப்ளியைத் தூக்க ஓடி வந்தார்கள்.

"யாரும் கை வெக்கக் கூடாது! சூடா தூக்கினா மீதி ரெண்டும் போயிடும். ஆறட்டும். உக்காருங்க எல்லாரும்" என்றேன்.

உட்கார்ந்தார்கள். சதீஷும் கால் நீட்டிக் கீழே உட்கார்ந்தான். பிறகு காலி வால்வுக் குழிகள் இரண்டையும் எட்டிப் பார்த்தான். தன் செல்போனை எடுத்தான்.

"மாலினி, அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஒரு ஷோ கேக்குறாங்க. உனக்கு சரியா வருமா பாரு" என்றான்.

மாலினி என் பக்கம் திரும்பி, சிவந்துபோன என் உள்ளங்கையை எடுத்துத் தன் தண்ணீர் பாட்டிலின்மேல் வைத்து அழுத்தினாள்.

"அத்தை, உங்களுக்கு அன்னிக்கு சரியா வருமா?"